பிட், நாட், ஹார்ட்லி: தமிழ் மாடலின் லாஸை எந்த அலகில் சொல்வது?

ஹலசூர் கார்த்தி

எல்லோருக்கும் வணக்கம். தகவல் கோட்பாட்டில் பழக்கமுள்ளவர்கள் இங்கே சிலர் இருப்பதால் நேராகவே கேட்டுவிடுகிறேன்.

பெங்களூரில் நாங்கள் மூன்று நண்பர்கள் சேர்ந்து சனி ஞாயிறுகளில் ஒரு சின்னத் தமிழ் மொழி மாடலைப் பயிற்றுவித்து வருகிறோம். உரையை டோக்கன் எனும் துண்டுகளாக வெட்டும் டோக்கனைசரை மாற்றி இரண்டு வடிவங்கள் வைத்திருக்கிறோம். முதல் வடிவத்தில் டோக்கன்கள் பெரியவை, ஒரு டோக்கனுக்குச் சராசரியாக 6 பைட். அதன் லாஸ், அதாவது அடுத்த டோக்கனை ஊகிப்பதில் வரும் சராசரிப் பிழையின் அளவு, 2.4. இரண்டாவதில் டோக்கன்கள் சின்னவை, சராசரி 3 பைட். அதன் லாஸ் 1.5. சோதனைக்கு எடுத்துக்கொண்டது ஒரே உரைதான். 1.5 குறைவு, எனவே இரண்டாவதுதான் நல்லது என்கிறார் ஒரு நண்பர். எனக்கு மனம் ஒப்பவில்லை.

வெளியில் தேடினால் ஒரு கட்டுரை எழுத்துக்கு இத்தனை பிட் என்கிறது, இன்னொன்று பைட்டுக்கு இத்தனை பிட் என்கிறது, நம் மென்பொருளோ நாட் கணக்கில் தருகிறது. நடுவில் ஹார்ட்லி, பான், ஷானன் என்று வேறு பெயர்களும் வருகின்றன. இத்தனை அலகுகள் எதற்கு? எங்கள் இரண்டு வடிவங்களையும் எந்த அலகில் ஒப்பிட்டால் நியாயமாக இருக்கும்?

---

பழைய டெலிகாம்

தம்பி, உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அலகு எது என்பது ஒன்று, எதற்கு எத்தனை என்பது இன்னொன்று. நான் முதலாவதை எடுத்துக்கொள்கிறேன். அது சுலபமானது, ஆனால் அதன் வரலாறு அழகானது.

1928இல் பெல் ஆய்வுக்கூடத்தின் ரால்ஃப் ஹார்ட்லி ஒரு கட்டுரை எழுதினார். தந்திக் கம்பியில் போகும் செய்தியின் பொருளை விட்டுவிடுவோம், அனுப்புகிறவர் முன்னால் எத்தனை வாய்ப்புகள் இருந்தன என்பதை மட்டும் பார்ப்போம் என்றார். அந்த எண்ணிக்கையின் மடக்கைதான் தகவலின் அளவு. ஏன் மடக்கை? நம் எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உயிர்மெய் 216. அதில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்றால் 18 மெய்களில் ஒன்று, 12 உயிர்களில் ஒன்று என்று இரண்டு தேர்வுகள். வாய்ப்புகளோ 18 × 12 = 216 என்று பெருகுகின்றன. தகவல் பெருகக்கூடாது, கூட வேண்டும். மெய் எது என்று தெரிந்ததும் ஒரு பங்கு, உயிர் எது என்று தெரிந்ததும் மறு பங்கு. மடக்கை எடுத்தால் அதுதான் நடக்கிறது. 2 அடிமானத்தில் 18க்கு 4.17, 12க்கு 3.585. கூட்டினால் 7.755. நேராக 216க்கு எடுத்தாலும் அதே 7.755.

மடக்கைக்கு அடிமானம் எதுவாக இருந்தாலும் இந்தக் கூட்டல் குலையாது. அடிமானம் 2 என்றால் அலகு பிட், 10 என்றால் ஹார்ட்லி, இயற்கை மடக்கையின் ஈ (e, ஏறக்குறைய 2.718) என்றால் நாட். 1 ஹார்ட்லி 3.322 பிட். 1 நாட் 1.443 பிட். 1 பிட் 0.693 நாட். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஒரு பெருக்கல் போதும்.

1948இல், தகவல் கோட்பாட்டை நிறுவிய கிளாட் ஷானன் தம் பெருங்கட்டுரையின் தொடக்கத்திலேயே இந்த மூன்றையும் சொல்லிவிடுகிறார். பிட் என்ற பெயரை முன்மொழிந்தவர் டூக்கி என்று அங்கேயே குறிப்பிடுகிறார். பத்தடிமான அலகு ஏறக்குறைய மூன்றும் மூன்றில் ஒரு பங்கும் பிட், வகையீடும் தொகையீடும் வரும் இடங்களில் இயற்கை அலகு வசதி, இதெல்லாம் அந்தப் பக்கத்திலேயே உண்டு. உங்கள் மென்பொருள் நாட் கணக்கில் தருவதற்கும் அதுதான் காரணம். இயற்கை மடக்கையை வகையிட்டால் ஒன்றின் கீழ் எக்ஸ், வேறு மாறிலி ஒட்டாது. மாடலைத் திருத்தப் பயன்படும் வகையீட்டுக் கணக்கு (கிரேடியண்ட்) சுத்தமாக இருக்கும்.

---

முதலாண்டு மாணவி

சார், ஒரு சந்தேகம். பிட் என்றால் 0 அல்லது 1 என்றுதான் வகுப்பில் படித்தோம். 4.17 பிட் என்றால் என்ன அர்த்தம்? கால் பிட், அரைப் பிட் எல்லாம் எப்படி இருக்க முடியும்?

---

நிகழ்தகவு மீனா

நல்ல கேள்விம்மா. இதை விட்டுவிட்டுப் போனால் மேலே எதுவும் புரியாது.

ஹார்ட்லி எல்லா வாய்ப்புகளும் சமம் என்று வைத்துக்கொண்டார். ஷானன் அதைத் தளர்த்தினார். நடக்கும் வாய்ப்பு குறைவான ஒன்று நடந்ததாகத் தெரிந்தால் கிடைக்கும் தகவல் அதிகம், நடக்கக்கூடியதே நடந்தால் குறைவு. நிகழ்தகவின் தலைகீழுக்கு மடக்கை எடுத்தால் அதுதான் அந்தச் செய்தி தரும் தகவல்.

ஒரு மாதத்தில் மழைக்கான வாய்ப்பு நாளுக்குப் பத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். இன்று மழை என்ற செய்தி 3.32 பிட், அதாவது சரியாக 1 ஹார்ட்லி. மழை இல்லை என்ற செய்தி 0.152 பிட்தான், ஏனென்றால் அதை நீங்கள் ஏற்கெனவே எதிர்பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இரண்டையும் அவற்றின் வாய்ப்பால் பெருக்கிக் கூட்டினால் ஒரு நாளைய மழைச் செய்தியின் சராசரித் தகவல் 0.469 பிட். இதுதான் என்ட்ரோபி.

அரைப் பிட்டுக்கும் குறைவான ஒன்றை எப்படி அனுப்புவது என்று கேட்பீர்கள். ஒரு நாளுக்கு மட்டும் என்றால் ஒரு முழு 0 அல்லது 1 செலவாகத்தான் செய்யும். ஆயிரம் நாள்களின் விவரத்தைச் சேர்த்துச் சுருக்கினால், ஆயிரம் பிட் தேவையில்லை, 469க்குக் கொஞ்சம் மேலே போதும். ஒவ்வொரு நாளின் மழையும் மற்ற நாள்களைச் சாராதது என்றால் 469க்குக் கீழே சராசரியாகப் போகவும் முடியாது. பின்னம் என்பது கற்பனை இல்லை, சுருக்கிய கோப்பின் நீளத்தில் கண்ணால் பார்க்கலாம்.

---

எஸ்.பி. ரோடு ரவி

நானும் ஒன்று கேட்கலாமா? எங்கள் கடைக்கு வாரம் தவறாமல் யாராவது வந்து, 1 டெராபைட் என்று கொடுத்தீர்கள், கணினியில் 931 ஜிபிதான் காட்டுகிறது, மிச்சம் எங்கே என்று கேட்கிறார்கள். இதுவும் இந்த அலகுக் குழப்பம்தானா?

---

பழைய டெலிகாம்

இது வேறு குழப்பம் ரவி, ஆனால் பக்கத்து வீட்டுக் குழப்பம். வட்டு செய்கிறவர் டெரா என்றால் 10 அடுக்கு 12 என்று எண்ணுகிறார். விண்டோஸ் 1024ஆல் மூன்று முறை வகுத்துவிட்டு அதையும் ஜிபி என்றே எழுதுகிறது. 10 அடுக்கு 12ஐ 2 அடுக்கு 30ஆல் வகுத்தால் 931.3. ஒரு பைட்கூடக் குறையவில்லை. இதற்காகவே ஐஇசி என்ற சர்வதேச மின்தொழில்நுட்பத் தர அமைப்பு 1990களின் கடைசியில் கிபி (kibi), மெபி (mebi), கிபி (gibi) என்று 1024க்குத் தனி முன்னொட்டுகள் கொண்டுவந்தது. அவை கடைவீதி வரை வந்து சேரவில்லை. இதைத் தனி இழையாகத் திறங்கள், விரிவாக எழுதுகிறேன்.

---

எழுத்துரு வேலு

கார்த்தி, நீங்கள் பைட் என்று எழுதியதும் எனக்குப் பொறி தட்டியது. தமிழில் பைட்டை அளவுகோலாக வைத்தால் என்ன நடக்கும் என்று பார்க்க வேண்டும். குறியாக்கத்தோடு மல்லுக்கட்டியே என் பாதி வாழ்க்கை போயிருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உரையைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ் கோட்பாயிண்டும் (கணினி தனி எண் கொடுத்திருக்கும் ஒவ்வொரு எழுத்தும் குறியும்) மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175, வேறெதுவும் வராது. உயிரெழுத்துகள், மெய்யின் அடிவடிவங்கள், துணைக்கால், இகரக் கொக்கி இவை எல்லாம் 174இன் கீழ். ஈகாரக் கொக்கி தொடங்கி உகர ஊகாரக் குறிகள், கொம்புகள், புள்ளி எல்லாம் 175இன் கீழ். மூன்றாவது பைட் 128 முதல் 191 வரை, 64 வாய்ப்புகள்.

இப்போது எண்ணுங்கள். தமிழ் எழுத்துதான் வரப்போகிறது என்று தெரிந்துவிட்டால் முதல் பைட் தரும் தகவல் சுழியம். இரண்டாவது தருவது அதிகபட்சம் 1 பிட். மூன்றாவது அதிகபட்சம் 6 பிட். மொத்தம் 7. வன்தட்டில் பிடிக்கும் இடமோ 24 பிட். மீதி 17 பிட்டும் உலகத்து எழுத்துகள் அத்தனைக்கும் ஒரே முறையில் இடம் கொடுப்பதற்காக நாம் சுமப்பது. கன்னடத்துக்கும் இதே கதைதான்: முதல் பைட் 224, இரண்டாவது 178 அல்லது 179.

'வணக்கம்' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். நம் கண்ணுக்கு வ, ண, க், க, ம் என்று ஐந்து எழுத்து. கணினிக்கு வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி என்று ஏழு கோட்பாயிண்ட். பைட் கணக்கில் 21, பிட் கணக்கில் 168. 247 எழுத்துகளும் சம வாய்ப்பு என்று வைத்தால் எழுத்துக்கு 7.95 பிட், ஐந்துக்கும் சேர்த்து 40க்குச் சற்றுக் குறைவு. இந்தத் தளத்தில் இரண்டு பதிவுகளில் ஒன்று வணக்கத்தில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்போது பதிவின் தொடக்கத்தில் அதைப் பார்ப்பவருக்குக் கிடைப்பது 1 பிட். 168, 40, 1. மூன்றும் பிட்தான், ஆனால் மூன்றும் மூன்று விஷயங்களை அளக்கின்றன.

பழைய எஸ்எம்எஸ்ஸிலும் இது தெரியும். ஒரு செய்திக்கு 140 பைட், அதாவது 1120 பிட். ஆங்கிலத்தில் எழுத்துக்கு 7 பிட் என்பதால் 160 எழுத்து போகும். தமிழில் கோட்பாயிண்டுக்கு 16 பிட், எனவே 70. அந்த 70லும் புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனியே பங்கு போகும்.

---

ஹலசூர் கார்த்தி

வேலு அண்ணா, அருமை. ஒரு திருத்தம் மட்டும்: இடைவெளி, காற்புள்ளி, எண்கள் எல்லாம் ஒரே பைட். எனவே முதல் பைட்டின் தகவல் முழுச் சுழியம் ஆகாது. அடுத்து வருவது எழுத்தா, சொல் முடிந்ததா என்பதை அது சொல்கிறது. எங்கள் மாடலில் பைட் வாரியாக லாஸைப் பிரித்துப் பார்த்தபோதும் அப்படித்தான் தெரிந்தது: சொல் முடியக்கூடிய இடங்களில் முதல் பைட்டுக்கு லாஸ் ஏறுகிறது, சொல்லின் நடுவில் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

---

நிகழ்தகவு மீனா

இப்போது கார்த்தியின் இரண்டாவது கேள்விக்கு வரலாம். என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான கேள்வி. பிட்டா நாட்டா என்பதில் ஒரு ஆபத்தும் இல்லை, பெருக்கினால் சரியாகிவிடும். 'எதற்கு' என்பதில்தான் ஆபத்து. ஒரு கடையில் மாம்பழம் கிலோ இத்தனை ரூபாய், அடுத்த கடையில் ஒன்று இத்தனை ரூபாய் என்றால், பழத்தின் எடை தெரியாமல் எது மலிவு என்று யாராலும் சொல்ல முடியாது. டோக்கனுக்கு இத்தனை நாட் என்பதும் பழத்துக்கு இத்தனை ரூபாய் என்பதுதான். உங்கள் இரண்டு வடிவங்களிலும் பழத்தின் அளவு வேறு வேறு.

முதல் வடிவம்: டோக்கனுக்கு 2.4 நாட், டோக்கனுக்கு 6 பைட். பைட்டுக்கு 0.4 நாட், அதாவது 0.577 பிட்.

இரண்டாவது: டோக்கனுக்கு 1.5 நாட், டோக்கனுக்கு 3 பைட். பைட்டுக்கு 0.5 நாட், அதாவது 0.721 பிட்.

ஆக முதல் வடிவம்தான் மேல், அதுவும் நல்ல இடைவெளியில். உங்கள் நண்பரின் முடிவு தலைகீழாகிறது. லாஸ் எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு இரண்டு டோக்கனைசர்களை ஒப்பிடவே கூடாது. கட்டுரைகளில் லாஸுக்குப் பதிலாகத் தரும் பெர்ப்ளெக்சிட்டியும் ஈ-க்கு அதே லாஸை அடுக்காக வைத்து வருவதுதான், அதை வைத்து ஒப்பிடுவதும் இதே தப்பு.

இதிலும் ஒரு எல்லை உண்டு. ஒரே உரையில் இரண்டு மாடல்களை ஒப்பிட பைட் கணக்கு போதும், பைட் எண்ணிக்கை இருவருக்கும் பொது. மொழி தாண்டும்போது அது விழுந்துவிடும். ஆங்கில மாடல் ஒன்று பைட்டுக்கு 1 பிட், எங்கள் தமிழ் மாடல் 0.577, பார்த்தீர்களா என்று யாராவது படம் போட்டால் நம்பாதீர்கள். ஆங்கிலத்தில் ஒரு எழுத்து ஒரு பைட். தமிழில் ஒரு கோட்பாயிண்ட் மூன்று பைட், அதில் முதலிரண்டும் ஏறக்குறைய இலவசம். 0.577ஐ மூன்றால் பெருக்குங்கள்: கோட்பாயிண்டுக்கு 1.73 பிட். 'வணக்கம்' போல ஐந்து எழுத்துக்கு ஏழு கோட்பாயிண்ட் என்ற விகிதம் வைத்தால் எழுத்துக்கு 2.42 பிட். இடைவெளியைக் கணக்கில் எடுத்தால் கொஞ்சம் மாறும். ஆனால் 0.577 எங்கே, 2.42 எங்கே!

மொழி தாண்டி ஒப்பிட வேண்டும் என்றால் ஒரே உள்ளடக்கத்தின் இரண்டு மொழி வடிவங்களை எடுத்து, முழு உரைக்கும் மொத்தம் எத்தனை பிட் என்று பாருங்கள். அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்து நாணயமான வழி.

---

பழைய டெலிகாம்

மீனா மேடம் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். அதனால்தான் நான் ஒன்றை வலியுறுத்துகிறேன்: சேமிப்பின் அலகும் தகவலின் அலகும் ஒரே பெயரில் இருக்கக்கூடாது. ஐஇசி 80000 தரத்தின் 13ஆம் பகுதி, 2008இல் வந்தது, தகவலின் அளவுக்கு ஷானன், ஹார்ட்லி, நாட் என்ற மூன்று அலகுகளைத் தருகிறது. பிட் என்பதைச் சேமிப்புக்கு விட்டுவிடலாம். 'வணக்கம்' 168 பிட் இடம் பிடிக்கிறது, 1 ஷானன் தகவல் தருகிறது என்று எழுதினால் யாருக்கும் குழப்பம் வராது.

---

எழுத்துரு வேலு

சார், காகிதத்தில் நன்றாக இருக்கிறது. ஆனால் எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் பிட் என்றுதான் போட்டிருக்கிறார்கள். கார்த்தி தம் அட்டவணையில் ஷானன் என்று போட்டால் படிக்கிறவர் அலகைத் தேடப் போய்விடுவார், எண்ணைப் பார்க்க மாட்டார்.

---

பழைய டெலிகாம்

கட்டுரையில் வழக்கப்படியே எழுதட்டும், சொல்லிக்கொடுக்கும்போதாவது பிரித்துச் சொல்ல வேண்டும் என்கிறேன். இந்தத் தங்கை 'அரைப் பிட் எப்படி' என்று கேட்டதற்கே காரணம் இரண்டையும் ஒரே சொல்லில் கற்றுக்கொடுத்ததுதான். நினைவகத்தில் அரைப் பிட் கிடையாது, தகவலில் உண்டு.

இன்னொரு உதாரணமும் தருகிறேன். பெங்களூரு நகரத்து பின்கோடு ஆறு இலக்கம். தாளில் அதன் கொள்ளளவு 6 ஹார்ட்லி, கிட்டத்தட்ட 19.93 பிட். ஆனால் ஒருவர் இந்த நகரத்தில் இருக்கிறார் என்று முன்பே தெரிந்தால் 560 என்ற முதல் மூன்று இலக்கம் ஒன்றும் புதிதாகச் சொல்லாது. மிச்சம் இருப்பது அதிகபட்சம் 3 ஹார்ட்லி. வங்கி அனுப்பும் ஆறு இலக்க ஓடிபியோ, ஒழுங்காக உருவாக்கப்பட்டிருந்தால், முழு 6 ஹார்ட்லியும் தருகிறது. இரண்டும் ஆறு இலக்கம், அனுப்பும் செலவும் ஒன்றுதான்.

---

முதலாண்டு மாணவி

இப்போது தெளிவாகிவிட்டது சார். கார்த்தி அண்ணா பான் என்று ஒன்று எழுதியிருந்தாரே, அது என்ன?

---

நிகழ்தகவு மீனா

பானும் ஹார்ட்லியும் அளவில் ஒன்றுதான், இரண்டும் 10 அடிமானம். ஆனால் பிறந்த இடம் வேறு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் மறைகுறி உடைப்பு மையமான பிளெட்ச்லி பார்க்கில், ஜெர்மன் கடற்படையின் எனிக்மா மறைகுறியை உடைக்க ஆலன் டூரிங் ஒரு முறை வகுத்தார். அதற்கான நீளத் தாள்கள் பான்பரி என்ற ஊரில் அச்சானவை, அலகின் பெயர் அங்கிருந்து வந்தது. ஒரு ஊகத்துக்குச் சாதகமாக எவ்வளவு சான்று சேர்ந்திருக்கிறது என்று அளப்பதற்கு அவர்களுக்கு அலகு வேண்டியிருந்தது. பானில் பத்தில் ஒரு பங்கு டெசிபான். மனித மனம் உணரக்கூடிய மிகச் சிறிய சான்று மாற்றம் ஏறக்குறைய 1 டெசிபான் என்பது அவர்கள் கணிப்பு. டூரிங்கோடு வேலை செய்த ஐ. ஜே. குட் பின்னாளில் இதை விரிவாக எழுதினார்.

என் வேலையில் இதை நான் தினமும் பயன்படுத்துகிறேன், அதனால் கொஞ்சம் காட்டுகிறேன். ஒரு நோய் இருப்பவர்களில் 90 சதவீதம் பேருக்குச் சோதனை பாசிட்டிவ் காட்டும், இல்லாதவர்களில் 9 சதவீதம் பேருக்கும் காட்டும் என்று வையுங்கள். விகிதம் 10. எனவே ஒரு பாசிட்டிவ் முடிவின் எடை +10 டெசிபான். நோய் இருப்பதற்கான தொடக்க வாய்ப்பு ஒன்றுக்கு நூறு என்றால் தொடக்கம் -20. ஒரு பாசிட்டிவ் வந்ததும் -10, அதாவது இன்னும் ஒன்றுக்குப் பத்துதான். முதல் சோதனையைச் சாராத இன்னொரு சோதனையும் பாசிட்டிவ் என்றால் 0, சரிபாதி. பெருக்கல் எல்லாம் கூட்டலாகி மனக்கணக்காகவே போய்விடுகிறது. ஒரே பாசிட்டிவ் முடிவைப் பார்த்து ஒரு குடும்பமே இடிந்து உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். -20இலிருந்து -10க்குத்தான் வந்திருக்கிறீர்கள், இன்னும் ஒரு சோதனை எடுங்கள் என்று சொல்ல இதைவிட நல்ல அலகு எனக்குத் தெரியாது.

ஒன்றைக் கவனியுங்கள்: இங்கே அளப்பது இரண்டு ஊகங்களின் நிகழ்தகவு விகிதத்தை. இது கீழேயும் போகும், மேலேயும் போகும். மழை உதாரணத்தில் அளந்தது ஒரு செய்தியின் எதிர்பாராத்தன்மையை, அது ஒருபோதும் சுழியத்துக்குக் கீழே வராது. ஒரே அலகு, இரண்டு அளவுகள்.

---

ஹலசூர் கார்த்தி

இந்தப் பேச்சுக்குள் ட்ரிட்டையும் சேர்த்துவிடலாம். 3 அடிமானம், 1 ட்ரிட் 1.585 பிட். 1958இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் புருசென்ட்சோவ் உருவாக்கிய செதுன் கணினி மும்மை முறையில் ஓடியது. 2024இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் -1, 0, 1 என்ற மூன்று மதிப்புகளை மட்டும் எடைகளாக (மாடலுக்குள் சேமிக்கப்படும் எண்களாக) வைத்து ஒரு மொழி மாடல் காட்டினார்கள், அதை '1.58 பிட்' என்று அழைப்பது இந்த மடக்கையால்தான். நினைவகத்தில் ஐந்து ட்ரிட்டை ஒரு பைட்டில் அடைக்கலாம், 3 அடுக்கு 5 என்பது 243, பைட்டில் 256 இடம். எடைக்கு 1.6 பிட் செலவு, தகவல் 1.585. டெலிகாம் சார் சொன்ன வேறுபாடு இங்கே கண்ணுக்கு நேராகத் தெரிகிறது.

மீனா அக்கா கணக்கை நண்பர்களிடம் காட்டினேன். முதல் வடிவத்தோடு முன்னே போகிறோம்.

---

இலக்கணப் பித்தன்

இவ்வளவு நேரம் அமைதியாகப் படித்துக்கொண்டிருந்தேன். நான் சிவாஜிநகர்ப் பக்கம் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவன், கணினி தெரியாது. ஆனால் 247 எழுத்தும் சம வாய்ப்பு என்று வேலு எழுதியதைப் படித்ததும் கை சும்மா இருக்கவில்லை.

தமிழில் எந்த எழுத்துக்குப் பின் எது வரலாம் என்பதற்கு விதி இருக்கிறது. மெய்ம்மயக்கம் என்று தொல்காப்பியத்திலும் நன்னூலிலும் படிக்கிறோம். க், ச், த், ப் ஆகிய நான்கும் தம்மோடு மட்டுமே சேரும். பக்கம், அச்சம், பத்து, அப்பா. ர், ழ் இரண்டும் தம்மோடு சேரவே மாட்டா. ங் வந்துவிட்டால் நடைமுறையில் அடுத்தது க வரிசைதான். ஒரு சொல் எந்த எழுத்தில் தொடங்கலாம், எதில் முடியலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. பக்தி, சப்தம் போன்ற வடசொற்களும் இன்றைய ஆங்கிலச் சொற்களும் இதை மீறுகின்றன, ஆனால் மீறுகிறது என்று நமக்குக் காதிலேயே தெரிந்துவிடுகிறது.

டெலிகாம் ஐயா உயிர்மெய்யை மெய்க்கு 4.17, உயிருக்கு 3.585 என்று பிரித்தாரே, அந்தக் கணக்குப்படி க் என்ற புள்ளியெழுத்தைப் பார்த்தவுடன் அடுத்த மெய்யின் 4.17 பிட்டும் தெரிந்த செய்தியாகிவிடுகிறது அல்லவா? உயிர் எது என்பதுதான் மிச்சம்.

---

நிகழ்தகவு மீனா

ஐயா, கணினி தெரியாது என்று சொல்லிவிட்டு மாடல் கற்றுக்கொள்வதைத் துல்லியமாகச் சொல்லிவிட்டீர்கள்! ஆமாம். அந்த இடத்தில் மிச்சம் அதிகபட்சம் 3.585 பிட், உண்மையில் இன்னும் குறைவு, ஏனென்றால் க்க-வும் க்கு-வும் வரும் அளவுக்கு க்கௌ வராது. நம் இலக்கண நூல்கள் தொகுத்த விதிகள் ஒவ்வொன்றும் எழுத்துக்கு இத்தனை பிட் மிச்சம் என்று எண்ணிப் பார்க்கக்கூடியவை. இதை யாராவது முறையாகச் செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஷானன் 1951இல் ஆங்கிலத்துக்குச் செய்ததை இங்கே சொல்கிறேன். ஒரு ஆளிடம் உரையின் முன்பகுதியைக் காட்டி அடுத்த எழுத்தை ஊகிக்கச் சொன்னார். தப்பென்றால் மறுபடி. எத்தனையாவது ஊகத்தில் சரியாக வந்தது என்பதை மட்டும் குறித்துக்கொண்டார். 26 எழுத்தும் இடைவெளியும் சேர்த்து 27 குறிகள், சம வாய்ப்பு என்றால் 4.755 பிட். முன்னால் நூறு எழுத்து தெரிந்த ஆளின் ஊகங்களிலிருந்து அவர் கண்ட வரம்பு 0.6 முதல் 1.3 பிட். காகிதமும் ஒரு மனிதரும் மட்டும் வைத்துச் செய்த அளவீடு!

---

எழுத்துரு வேலு

இதைத் தமிழில் நாமே செய்யலாமே. ஆனால் 247இல் ஒன்றை ஊகி என்றால் ஆள் களைத்துவிடுவார். முதலில் மெய், பிறகு உயிர் என்று இரண்டு படியாகக் கேட்கலாமா?

---

நிகழ்தகவு மீனா

கேட்கலாம். மெய்யின் தகவல், மெய் தெரிந்தபின் உயிரின் தகவல், இரண்டையும் கூட்டினால் எழுத்தின் தகவல். ஊகங்களிலிருந்து வரும் மேல், கீழ் வரம்புகள் மட்டும் கொஞ்சம் நகரும். தனி உயிரையும் புள்ளியையும் இடைவெளியையும் என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட வேண்டும். என் யோசனை: முதல் படியில் 18 மெய், கிரந்த மெய்கள், 'மெய் இல்லை', 'இடைவெளி'. இரண்டாம் படியில் 12 உயிர், புள்ளி. ஆய்தத்தை முதல் படியில் சேருங்கள்.

---

இலக்கணப் பித்தன்

உரை முக்கியம். செய்யுள் வேண்டாம், எதுகை மோனை தெரிந்தவர் அடுத்த சொல்லின் முதலெழுத்தைச் சுலபமாகப் பிடித்துவிடுவார். செய்யுளைத் தனியே ஒரு சுற்று வைத்தால் எதுகைக்கு எத்தனை பிட் என்று தெரியும். எனக்கு அதில்தான் ஆர்வம். உரைநடைக்கு என் மாணவர்களின் பழைய கட்டுரை நோட்டுகள் இருக்கின்றன, பெயரை எடுத்துவிட்டுத் தருகிறேன். இணையத்தில் இல்லாதவை, கார்த்தியின் மாடலும் பார்த்திருக்காது.

---

ஹலசூர் கார்த்தி

அதுதான் ஐயா எங்களுக்கு வேண்டியது. அதே பக்கங்களை மாடலுக்கும் கொடுக்கிறேன். மனிதருக்கு எழுத்துக்கு எத்தனை பிட், மாடலுக்கு எழுத்துக்கு எத்தனை பிட், இரண்டையும் ஒரே அட்டவணையில் போடலாம். நாட் கணக்கில் வரும் எண்ணை 1.4427ஆல் பெருக்கிப் பிட்டாகத்தான் போடுவேன். டோக்கன், பைட், கோட்பாயிண்ட், எழுத்து நான்கின் எண்ணிக்கையும் பக்கத்திலேயே இருக்கும், யாரும் எந்தக் கணக்குக்கும் மாற்றிக்கொள்ளலாம்.

வரும் ஞாயிறு காலை ஹலசூர் ஏரிக்கரைப் பக்கம் வரக்கூடியவர்கள் இங்கே கை தூக்குங்கள். ஊகிக்க ஆறு பேராவது வேண்டும், எழுதிக்கொள்ள இரண்டு பேர்.

---

முதலாண்டு மாணவி

நான் எழுதிக்கொள்ள வருகிறேன் அண்ணா. என் பாட்டியை ஊகிக்க அழைத்து வரட்டுமா? குறுக்கெழுத்துப் புதிரை அவர் ஒரு நாளும் விட்டதில்லை.

---

நிகழ்தகவு மீனா

கண்டிப்பாக அழைத்து வாம்மா. பாட்டிக்குச் செய்யுள் சுற்றையும் சேர்த்துக் கொடுப்போம்.